இன்று வண்டி எங்கே நிற்கும்? கோகி டாக்கோ வண்டியும் ட்விட்டரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுகடைக்காரர் யாராவது சமூக ஊடகம் பற்றிப் பேச வந்தால், முதலில் அவருடைய போனை வாங்கிக் கடைசியாகப் போட்ட 20 பதிவுகளைப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ, ஆடித் தள்ளுபடி, கடை முகப்புப் படம், பொங்கல் வாழ்த்து, மறுபடியும் கடை முகப்புப் படம். "தினமும் போடுறோம் சார், யாரும் பாக்க மாட்டேங்கறாங்க" என்பார்கள். பார்க்காமல் விட்டால் வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஒரு நட்டமும் இல்லை என்பதுதான் பதில்.

அப்போது நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஓடிய ஒரு சாப்பாட்டு வண்டியின் கதை. பழைய கதைதான், 2008இல் நடந்தது. அதன்பிறகு எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு சிறு தொழிலுக்குச் சமூக ஊடகம் எந்த இடத்தில் உண்மையாகவே உதவியது, எந்த இடத்தில் உதவவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை வேறு எனக்குத் தெரியாது. 'ட்விட்டரால் வளர்ந்த வண்டி' என்று அதைப் பற்றிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

வண்டிக்கு முந்தைய ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு டாக்கோ வண்டி புதிதல்ல. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வண்டிக்கடை நடத்தி வந்தன. லோஞ்சேரா என்பது அந்த வண்டிகளின் பெயர். கட்டட வேலை நடக்கும் இடம், தொழிற்சாலை வாசல், இரவில் ஏதாவதொரு முக்கு என்று நிற்கும். மக்காச்சோள மாவில் சுட்ட டோர்ட்டிலா என்ற சின்ன ரொட்டியில் கறியை வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து மடித்துக் கொடுப்பது டாக்கோ. நம் ஊர்க் கையேந்திபவன்போலத்தான், உழைக்கிறவர்களின் சாப்பாடு. வசதியானவர்களில் பலர் அந்த வண்டிகளை 'கரப்பான் வண்டி' என்று கேலி செய்துகொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

2008இல் அந்தத் தொழிலுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. நகராட்சிகளுக்கு உட்படாத பகுதிகளில் ஒரு வண்டி ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் குற்றம். 1,000 டாலர் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை. மக்கள் கொதித்தார்கள், வழக்கு நடந்தது, ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி, நிதி நெருக்கடி முற்றியது. வீட்டுக் கட்டுமானம் ஏற்கெனவே படுத்திருந்தது. கட்டட வேலை இல்லாத ஊரில் கட்டடத் தொழிலாளிக்குச் சாப்பாடு போடும் வண்டிக்கு என்ன வேலை?

ராய் சோய் என்ற சமையல்காரர் அப்போது வேலையிழந்து நின்றார். சியோலில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் ஒரு காலத்தில் கொரிய உணவகம் நடத்தினார்கள். அவர் முறையாகச் சமையல் கல்லூரியில் படித்து, பெவர்லி ஹில்டன் ஹோட்டல் சமையலறையில் பொறுப்பான பதவி வகித்தவர். அதே ஹோட்டலில் உடன் வேலை பார்த்த மார்க் மங்கேரா அவரைக் கூப்பிட்டார். மங்கேரா பிலிப்பைன்ஸ் வழிவந்தவர், கொரியக் குடும்பத்தில் பெண் எடுத்தவர். ஒருநாள் இரவு டாக்கோ தின்றுகொண்டிருந்தபோது, இதற்குள் கொரியச் சுட்ட கறியை வைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு சமூகமும் அக்கம்பக்கத்தில் வாழும் ஊரில், இரண்டு சாப்பாடும் ஒரே டோர்ட்டிலாவுக்குள் போனால் என்ன?

அப்படித்தான் 2008 நவம்பரில் 'கோகி' கிளம்பியது. கொரிய மொழியில் அந்தச் சொல்லுக்கு இறைச்சி என்று பொருள். ஒரு டாக்கோ 2 டாலர். மங்கேராவின் மனைவி கரோலின் ஷின் நிர்வாகத்தில் இருந்தார். கரோலினின் சகோதரி ஆலிஸ் ஷின் எழுத்து வேலையைப் பார்த்துக்கொண்டார். ஆலிஸ் இருந்தது நியூயார்க்கில். வண்டி ஓடியது அமெரிக்காவின் மேற்குக் கோடியில், அதைப் பற்றி எழுதியவர் கிழக்குக் கோடியில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூட்டம் வராத வாரங்கள்

தொடக்கத்தில் யாரும் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் பகுதி இது.

ஹாலிவுட் பக்கம், இரவு விடுதிகள் நிறைந்த தெருக்களில் வண்டியை நிறுத்தினார்கள். குடித்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குப் பசிக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கொரியக் கறி டாக்கோ என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? விடுதி வாசலில் நிற்கும் காவலாட்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தின்றுவிட்டு, வெளியே வருகிறவர்களிடம் 'அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்' என்று கைகாட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு யூசிஎல்ஏ பல்கலைக்கழகம். டிசம்பரில் பருவத் தேர்வு நேரம். மாணவர்கள் இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் நாட்கள். விடுதிப் பக்கம் வண்டி போய் நின்றது. கையில் காசு குறைவு, இரவு ஒரு மணிக்குப் பசி, எந்நேரமும் கையில் போன், ஒருவர் சொன்னால் அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர்களை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கில் வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். இதுவரை ட்விட்டர் செய்தது மிகக் குறைவு. காவலாளுக்குக் கொடுத்த இலவச டாக்கோவும் மாணவர் விடுதி வாசலில் நின்ற வண்டியும்தான் முதல் கூட்டத்தைச் சேர்த்தன. ஏற்கெனவே ஒருமுறை தின்று ருசி கண்டவர்கள்தான் 'நாளைக்கு எங்கே நிற்பீர்கள்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி பிறந்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்லும் ஊடகத்துக்கு மதிப்பு வருகிறது. என்னிடம் வரும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். கேள்வியே கேட்காத ஊருக்கு முன்னால் நின்று பதிலைக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ட்விட்டர் ஏன் பொருந்தியது

வண்டிக்கடையின் பெரிய பலவீனம், அது ஓரிடத்தில் நிற்காதது. நம் ஊரில் மாலையில் வரும் சுண்டல் வண்டிக்காரர்கூட அதே முக்கில் அதே நேரத்துக்கு வருகிறார். அதனால்தான் வியாபாரம் ஆகிறது. கோகிக்கு அந்த வசதி இல்லை. இரவு 8 மணிக்கு ஓரிடம், 11 மணிக்கு வேறிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவிடாத விதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சியிடமும் இருந்தது; 2009இல் அதுவும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். நிறுத்த இடம் கிடைக்காது, போலீஸ் நகரச் சொல்லும், போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும்.

2008இல் இருந்த ட்விட்டரை இப்போதைய எக்ஸ் தளத்தோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு அது கிட்டத்தட்ட குறுஞ்செய்திப் பலகை. ஒரு செய்திக்கு 140 எழுத்துதான். காரணம் எளிது: குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்து, அதில் 20ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கினார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவரும் சாதாரண போனில் குறுஞ்செய்தியாகவே அதைப் பெறலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், பதிவுகள் நேர வரிசையில் வந்தன. கடைசியாகப் போட்டது மேலே இருக்கும். எது உனக்குப் பிடிக்கும் என்று எந்த இயந்திரமும் இடையில் புகுந்து தீர்மானிக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம், மணிக்கொரு முறை மாறும் ஒரு சின்னத் தகவல். இன்னொரு பக்கம், சின்னத் தகவலை உடனே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு பலகை. எந்தத் தெருவும் எந்தத் தெருவும் சந்திக்கும் முக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத 140 எழுத்து தாராளம். அந்தச் செய்தி தெரியாதவருக்கு அன்றைக்கு டாக்கோ கிடையாது. கோகியைப் பின்தொடர்ந்தவர்கள் யாரும் தொழிலை ஆதரிக்கும் நல்ல மனத்தோடு பின்தொடரவில்லை. சாப்பிட வேண்டும், அதற்கு வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதிவை விளம்பரம் என்றே என்னால் சொல்ல முடியவில்லை. கடையின் கதவு அது. கதவு வழியாகத்தானே உள்ளே போக முடியும்!

இடம் மட்டும் அல்ல. தாமதமானால் தாமதம் என்று எழுதினார்கள். தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது. கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்வது வியாபாரிக்குக் கசக்கும். 'இன்னும் 20 நிமிஷம்' என்று சொன்னால் போய்விடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வோம். ஆனால் அப்படிச் சொல்கிறவருடைய 'வந்துவிட்டோம்' என்ற வார்த்தைக்குத்தான் நம்பிக்கை கிடைக்கிறது. வார்த்தையை நம்பிக் காரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவருகிறவரிடம் ஒருமுறை பொய்யானால் அவ்வளவுதான்.

இப்போது நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ஆலிஸுக்கு வருவோம். வண்டிக்குள் சூடான கல்லின் முன்னால் நிற்பவருக்குக் கை ஓயாது. அவரால் போனைத் தொட முடியாது. எழுதும் வேலையை முழுப் பொறுப்பாக ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் குடும்பத்து ஆள், தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவர், எழுதத் தெரிந்தவர், கோகி எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர். பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 'என் அண்ணன் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் பாத்துக்குவான்' என்று நம் கடைகளில் ஒப்படைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. அந்தப் பையனுக்கு போன் தெரியும், சரி. கடையைத் தெரியுமா?

வரிசையே விளம்பரமானது

2009 தொடங்கியபோது நிலைமை மாறிவிட்டது. வண்டி வருவதற்கு முன்பே முக்கில் ஆட்கள் வந்து நின்றார்கள். வரிசையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம். காத்திருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், தாங்களும் எழுதினார்கள். ஆள் அரவமில்லாத கார் நிறுத்துமிடம் ஒன்று இரவில் திடீரென்று திருவிழாக் கடைவீதி ஆகி, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வெறிச்சோடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நடந்து திரிகிற ஊர் அல்ல. ஆளாளுக்குத் தனிக்காரில் போய் வருகிற ஊர். அங்கே முன்பின் தெரியாதவர்கள் தெருவில் ஒன்றாக நிற்பதே ஒரு புதுமையாக இருந்தது. அந்தக் கூட்டத்தின் கதையை வாடிக்கையாளர்களே ஊருக்குச் சொன்னார்கள்.

2009 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நியூஸ்வீக் இதழ், வைரலாகிப் புகழ்பெற்ற அமெரிக்காவின் முதல் உணவகம் என்று பட்டம் சூட்டியது. ஒரு வண்டி இரண்டாகி, பிறகும் பெருகியது. வண்டிகளுக்கு ஸ்பானிய மொழியில் நிறங்களின் பெயர்: பச்சைக்கு வெர்தே, சிவப்புக்கு ரோஹா, பிறகு நரன்ஹா, அசூல். பெயர் வைத்ததில் ஒரு வசதி இருந்தது. 'இரண்டாம் எண் வண்டி' என்பதைவிட 'ரோஹா இன்றிரவு இந்த முக்கில்' என்பது மனத்தில் நிற்கும். 140 எழுத்தில் இடமும் மிச்சம். 2010இல் ஃபுட் அண்ட் ஒயின் இதழ் சிறந்த புதிய சமையல்காரர்கள் பட்டியலில் ராய் சோயைச் சேர்த்தது. வண்டியில் சமைப்பவர் ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

முதல் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 20 லட்சம் டாலர் என்று செய்திகளில் வந்தது. 2 டாலர் டாக்கோவாகவே கணக்குப் போட்டால் பத்து லட்சம் டாக்கோ. இந்த எண்ணைக் காட்டி 'பாருங்கள், ட்விட்டரின் சக்தி' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இதில் எவ்வளவு ட்விட்டர், எவ்வளவு அந்தக் கறி? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ட்விட்டர் எல்லாருக்கும் இலவசமாகவே கிடைத்தது. சமையல் கல்லூரியும் நட்சத்திர ஹோட்டல் அனுபவமும் உள்ள ஒருவர் 2 டாலருக்குச் சமைத்துக் கொடுத்தது எல்லாருக்கும் கிடைத்ததல்ல. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்த நகரத்தில் வண்டிகள் ஏராளமாகக் கிளம்பின. எல்லா வண்டிக்கும் ட்விட்டர் கணக்கு இருந்தது, பல வண்டிகளில் கொரிய டாக்கோவே கிடைத்தது. இடம் சொல்வது எல்லாருக்கும் பொதுவாகிப்போனபின் அது யாருக்கும் தனிப் பலமாக இல்லை. மறுபடியும் கறிதான் பேசியது.

(பதிவே பொருளின் சான்றாக நிற்கும் இன்னொரு வழியும் உண்டு. 2006இல் யூட்டா மாநிலத்தின் பிளெண்ட்டெக் என்ற மிக்சி கம்பெனியில் சந்தைப்படுத்தலைக் கவனித்த ஜார்ஜ் ரைட், ஆலைத் தரையில் மரத்தூள் கிடப்பதைக் கண்டு விசாரித்தார். முதலாளி டாம் டிக்சன் மரக்கட்டையை அரைத்து மிக்சியைச் சோதிப்பாராம். அதையே படம்பிடித்து யூடியூபில் போட்டார்கள். முதல் செலவு சுமார் 50 டாலர். கோலிக்குண்டையும், பிறகு ஐபோனையும்கூட அரைத்தார்கள். மிக்சி வலுவானது என்று எங்கேயும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.)

மாடு மாறினால் கயிறும் மாறும்

கோகியின் ட்விட்டர் வெற்றியை அப்படியே எடுத்து இன்று செய்தால் என்ன ஆகும்? பலிக்காது. அதற்கான காரணங்கள் கோகியிடம் இல்லை, தளங்களிடம் இருக்கின்றன.

2016இல் ட்விட்டர் நேர வரிசையை விட்டுவிட்டு, இயந்திரம் தேர்ந்தெடுத்த பதிவுகளை முதலில் காட்டும் முறைக்கு மாறியது. 'இப்போது இந்த முக்கில் நிற்கிறோம்' என்ற செய்தி நான்கு மணி நேரம் கழித்து ஒருவர் கண்ணில் பட்டால் அது செய்தியே இல்லை. வண்டி போன பிறகு கிடைக்கும் வண்டியின் படம். ஃபேஸ்புக்கில் இது அதற்கு முன்பே நடந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்த ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம், காசு கட்டாத ஒரு பதிவு பின்தொடர்பவர்களில் எத்தனை பேரைச் சென்றடைகிறது என்று கணக்கிட்டது. 2013 அக்டோபரில் சுமார் 12 விழுக்காடு. 2014 பிப்ரவரியில் சுமார் 6. நான்கே மாதத்தில் பாதி. நூறு பேர் பின்தொடர்ந்தால் ஆறு பேர் பார்ப்பார்கள். மற்றவர்களிடம் சேர வேண்டுமென்றால் பணம் கட்டு.

நம் பக்கம் நடந்தது இன்னும் கொடுமை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதில் புடவை காட்டியவர், ஊறுகாய் விற்றவர், பொம்மை செய்தவர் என்று எத்தனையோ பேர் சேர்த்து வைத்த பார்வையாளர்கள் ஒரே இரவில் போனார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. வாடகை நிலத்தில் வீடு கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

கோகிக்காரர்கள் இந்த ஆபத்தை எந்த அளவுக்கு முன்கூட்டி உணர்ந்தார்களோ தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். வண்டியை மட்டும் நம்பி இருக்கவில்லை. 2010இல் சேகோ என்ற சிறு உணவகம் வந்தது. 2016இல் கோகி பெயரிலேயே நான்கு சுவருக்குள் ஒரு கடை. எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லாத கடை! வண்டிகளின் கால அட்டவணையையும் சொந்த இணையதளத்தில் போட்டார்கள். தளம் எப்படி மாறினாலும் அந்தப் பக்கம் அவர்களுடையது.

சரி, மெஸ்ஸுக்கு என்ன?

நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் அக்கா ஒருவர் சின்ன மெஸ் நடத்துகிறார். மதியச் சாப்பாடு மட்டும். மீன் குழம்பும் வறுவலும் நன்றாக இருக்கும். ஒருமுறை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது, ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்டார். யாரோ ஒருவர் மாதக் கட்டணம் பேசிவிட்டுப் போயிருந்தார். தொகையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நான் கேட்டேன்: "அக்கா, காலையில உங்களுக்கு போன் பண்றவங்க என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பாங்க, இன்னைக்கு என்ன மீனுன்னு கேப்பாங்க."

வண்டி எங்கே நிற்கும் என்பதும் இதுவும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், அக்காவின் மெஸ் ஓரிடத்தில் நிற்கிறது, மீன்தான் மாறுகிறது. விடிகாலையில் ஏலத்தில் எது கிடைக்கிறதோ அது. ஒருநாள் சங்கரா, ஒருநாள் நெத்திலி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். வாசலில் சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார். அதைப் படம் எடுத்துக் காலை பத்தரைக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடச் சொன்னேன். "இத யாரு தம்பி பாக்கப் போறா?" என்றார். போடுங்கள், பார்ப்போம் என்றேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலருக்குத் தெரியாததால் முயற்சி வீணாகிறது. வாட்ஸப் ஸ்டேட்டஸ் தெரிய வேண்டுமானால் இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். மொத்தமாக அனுப்பும் பட்டியலிலும் இதே கதைதான்: 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் வேலை போனில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. காசு வாங்கும்போது "நம்பரப் பதிஞ்சுக்கங்க, காலையில என்ன மீனுன்னு தெரியும்" என்று அக்கா சொல்ல வேண்டும். கோகி காவலாளுக்குக் கொடுத்த இலவச டாக்கோவுக்கு இணையான வேலை இது. அலுப்பானது, மெதுவானது, ஆனால் இதைத் தவிர்க்க முடியாது. வாட்ஸப்பின் வணிகச் செயலி 2018 ஜனவரியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கடை நேரம், முகவரி, பட்டியல் எல்லாம் அதில் வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் கடை நேரத்தைச் சரியாகப் போடுவதும் இதில் சேரும். ஞாயிறு விடுமுறை என்றால் விடுமுறை என்று இருக்க வேண்டும். பூட்டிய கதவு முன்னால் நின்று திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

முதல் பத்து நாளில் ஒரு சறுக்கல். வஞ்சிரம் என்று போட்டது 12 மணிக்கே தீர்ந்துவிட்டது. தீர்ந்ததைப் போட மறந்தார்கள். ஒன்றரை மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்த இருவர், "போட்டோ போட்டு ஏமாத்துறீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. இந்த வேலையே வேண்டாம் என்றார். அவருடைய மகள்தான், சிலேட்டில் ஒரு கோட்டைக் கிழித்து அதையும் படம் எடுத்துப் போட்டாள். வஞ்சிரம் என்ற எழுத்தின் மேல் ஒரு கோடு, வேறு ஒரு வார்த்தையும் இல்லை. இப்போது 12 மணிக்கு மேல் கோடு விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கோடு விழுவதற்குள் வர வேண்டும் என்று சிலர் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லாக் கடைக்கும் மீன் இருக்காது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான கடைகளில் தினமும் யாரோ ஒருவர் போன் செய்து கேட்கும் கேள்வி ஒன்று இருக்கும். தையல்கடையில் 'ரவிக்கை தச்சாச்சா?', பேக்கரியில் 'பப்ஸ் எத்தன மணிக்குச் சூடா வரும்?', நாற்றுப் பண்ணையில் 'ஒட்டு மா வந்துருச்சா?' ஒரு வாரம் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, வருகிற கேள்விகளை அப்படியே எழுதி வைக்கச் சொல்கிறேன். எழுதி முடித்த நோட்டைப் பார்த்தால் அடுத்த மாதத்துப் பதிவுகள் அதில் இருக்கும். சில கடைகளில் அந்த நோட்டு வெறுமையாகவே இருக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அந்தக் கடையின் சிக்கல் ஊடகத்தில் இல்லை. அங்கே நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அன்று மாலை அக்கா போன் செய்தார். "தம்பி, ரெண்டு மாசம் மீனே இல்லாம சிலேட்டுல என்னத்த எழுதுறது?" எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை பத்தரைக்கு ஸ்டேட்டஸ் வந்திருந்தது. சிலேட்டில் சாம்பார், ரசம், கருவாட்டுத் தொக்கு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: நாட்டுப்படகுல ஏதாச்சும் வந்தா சொல்றேன்.